உகப்பாக்கப் பொத்தானை அழுத்துவதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் கூரைக்குக் கூரை சோலார் பனல்கள் ஏறத் தொடங்கிய பிறகு, அவற்றைத் தாங்கும் உருக்குத் தாங்கியின் எடையை மென்பொருளின் உகப்பாக்கத்தைக் கொண்டு, அதாவது மிகச் சிறந்த அளவுகளைத் தேடவிட்டு, குறைத்துத் தர முடியுமா என்று இளம் பொறியியலாளர் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். முடியும், ஆனால் அந்த ஆய்வின் தரம், ஒரு வடிவம் சுமையைத் தாங்குமா என்ற முதற் கணிப்பைக் கணினி தொடங்குவதற்கு முன்னரே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

தகட்டின் தடிப்பு, முக்கோணத் தாங்குதகட்டின் உயரமும் நீளமும், துளைக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம், உட்கோண வளைவின் ஆரை என ஐந்து மாறிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பெறுமானம் வைத்து எல்லாச் சேர்க்கைகளையும் ஓட்டினால் 243 கணிப்புகள் வரும். ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால் 81 மணித்தியாலம். எல்லாச் சேர்க்கைகளுக்கும் பதிலாகத் தெரிந்தெடுத்த சில புள்ளிகளை மட்டும் ஓட்டும், பொக்ஸும் வில்சனும் 1951இல் முன்வைத்த மையக் கூட்டுத் திட்டத்தின், மூலைச் சேர்க்கைகளில் பாதியை மட்டும் எடுக்கும் அரைப்பங்கு வடிவம் 27 கணிப்புகளோடு நின்றுவிடுவதால், மின்சாரம் நின்றுபோகாத ஓர் இரவில் முடிந்துவிடும்.

அதற்கு முன், எல்லா மாறிகளையும் அவற்றின் எல்லைகளில் வைத்து வடிவம் ஒழுங்காக உருவாகிறதா என்று கையால் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் தாங்குதகடு நீளும்போது துளையை மூடிவிடுவது போன்ற முரண்கள் அந்த மூலைகளில்தான் வெளிப்படும். வளைவே இல்லாத கூரிய உட்கோணத்தில் வரும் உச்சத் தகைப்பு (ஓரலகு பரப்பில் தாங்கும் விசை), கணிப்புக்காக வடிவத்தைச் சிறு மூலகங்களாகப் பிரிக்கும் வலையை நுணுக்கமாக்க நுணுக்கமாக்க ஏறிக்கொண்டே போகும். அதை இலக்காகக் கொடுத்தால் மென்பொருள் வடிவத்தை விட்டுவிட்டு வலையின் இரைச்சலைத் துரத்தும். எனவே ஆரையின் கீழெல்லையைச் சுழியத்தில் வைக்கக் கூடாது. தடிப்பு மாறும்போது மூலகத்தின் அளவும் சேர்ந்து மாறும்படி பிணைத்துவிட வேண்டும்.

எடையைக் குறை என்று மட்டும் சொன்னால் எல்லா அளவும் கீழெல்லைக்கு ஓடிவிடும். 250 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக வளையத் தொடங்கும் மென்னுருக்குக்குப் பாதுகாப்புக் காரணி 1.5 என்றால், தகைப்பு ஏறத்தாழ 166ஐத் தாண்டக் கூடாது என்பதைக் கட்டுப்பாடாகக் கொடுக்க வேண்டும். காற்று பனலை மேல்நோக்கி இழுக்கும் சுமையும் தனிச் சுமை நிலையாகக் கணிக்கப்பட வேண்டும்.

ஓட்டிய கணிப்புகளைக் கொண்டு ஓட்டாத அளவுகளின் விடையை ஊகித்துத் தரும் துலங்கல் மேற்பரப்புக்குப் பலர் கிரிகிங் முறையைத் தெரிவுசெய்கிறார்கள். தென்னாபிரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் டேனி கிரிக், தங்கப் படிவுகளை மதிப்பிடச் செய்த ஆய்விலிருந்து வளர்ந்த முறை அது. வழக்கமான அமைப்பில் அது கொடுத்த புள்ளிகள் எல்லாவற்றினூடாகவும் செல்வதால், அதே புள்ளிகளில் பொருத்தத்தை அளந்தால் எப்போதும் மிகச் சிறப்பாகவே தெரியும். மேற்பரப்பை அமைக்கப் பயன்படாத சில புள்ளிகளைத் தனியே கணித்து ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எந்த வரைபடத்தையும் நம்புவதில்லை.

இறுதித் தேடலில் தடிப்பைக் கடையில் கிடைக்கும் அளவுகளுக்குள் அடக்கிவிட வேண்டும், 3.37 மில்லிமீற்றர் தகட்டை எந்த இரும்புக் கடைக்காரரும் தரப்போவதில்லை. தேறிய தெரிவுகளை முழுக் கணிப்பில் மீண்டும் ஓட்டிய பிறகு, அவற்றுள் மிக இலேசானதை நான் பெரும்பாலும் எடுப்பதில்லை. கடற்கரையோரக் கூரைகளில் உப்புக்காற்று தகட்டை அரிப்பதை மென்பொருளுக்கு நாங்கள் சொல்லியிருக்கவில்லை என்பதால், அடுத்த தடிப்புக்குப் போய்விடுவேன்.