லாபம், ரெண்டு, மூணு

மெல்பர்னில் எங்கள் முதல் தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன். நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தி சொன்ன அளவு: நாலு கப் அரிசி மாவு, ஒரு கப் உளுத்தமாவு, ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு. வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று கடித்தார்கள், தண்ணீர் கேட்டார்கள், இரண்டாவதை யாரும் எடுக்கவில்லை. கும்பகோணமாக இருந்தால் "உப்பு தூக்கல்டி" என்று பக்கத்து வீட்டு மாமி வாசலிலேயே சொல்லியிருப்பார். இங்கே எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். அதுதான் வலித்தது.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. சித்தி வீட்டு டேபிள்ஸ்பூன் 15 மில்லி. நான் இங்கே வாங்கியது 20 மில்லி. அங்கே மூன்று டீஸ்பூன், இங்கே நாலு. கப்பில் இந்த அளவு வித்தியாசம் இல்லை: அங்கே 237 மில்லி, இங்கே 250. அதனால் மாவு கொஞ்சம்தான் கூடியது, உப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "ஏண்டி, ஸ்பூன் கூடவா ஊருக்கு ஊர் மாறும்?"

அன்றிலிருந்து எண் பொறித்திருக்கிறது என்பதற்காக எதையும் நம்புவதில்லை. ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி, முதலில் அதையே சோதித்தேன். இங்கத்திய ஒரு டாலர் காசு 9 கிராம். பத்துக் காசை வைத்தால் 90 காட்டவேண்டும், காட்டியது. அப்புறம் ஸ்பூன். ஒரு ஸ்பூன் தண்ணீரை வைத்தால் ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும், அதனால் பத்து ஸ்பூன் ஊற்றினேன். 200 கிராம், சரி. பிளாஸ்டிக் செட்டில் இருந்த அரை ஸ்பூன் தேறவில்லை. அதன் எண்ணும் தேய்ந்துகொண்டிருந்தது. இப்போது எவர்சில்வர் செட்தான்.

சமையலறை ஒருவழியாகப் பழகிவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில், ஊரிலிருந்து வந்த தம்பி பெட்டியிலிருந்து எங்கள் வீட்டு ஆழாக்கை எடுத்துக் கொடுத்தான். இரும்பு ஆழாக்கு, விளிம்பில் ஒரு நசுங்கல். தராசில் வைத்துத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன்: 170 கிராம். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. கிட்டத்தட்ட ஆழாக்குதான், இத்தனை நாள் அதை வெறும் பிளாஸ்டிக் என்று ஒதுக்கியிருந்தேன்.

ஆனால் அம்மா ஆழாக்கைத் தலை தட்டி அளந்ததே இல்லை. அரிசி கோபுரமாக நிற்கும், ஓரத்தில் நாலு மணி உதிரும். அளந்து முடித்ததும் ஒரு சிட்டிகை அரிசியைத் திரும்ப டின்னிலேயே போடுவாள். அந்தக் கோபுரம் எத்தனை கிராம் என்று மூன்று முறை நிறுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் வேறு வேறு எண்.

நேற்று இட்லிக்கு அரிசி ஊறவைக்கத் தராசில் பாத்திரத்தை வைத்து, பூஜ்யமாக்கி, முதல் ஆழாக்கைக் கொட்டினேன். "லாபம்" என்று வாய் தானாகச் சொன்னது. பக்கத்தில் நின்ற என் பெண் கேட்டாள்: "ஒண்ணுன்னு ஏம்மா சொல்லல?"

"அப்படித்தான் அளக்கணும்" என்றேன். அடுத்ததை அவள் கொட்டினாள். "ரெண்டு."