கல்லுக்கு ஈயத்தைக் கொடுத்துவிடு

பத்து வருடமாக நான் தூண்டில் போட்டுப் பழகியது அலை அடங்கிய ஒரு வளைகுடாக் கரையில். அடியில் சேறும் மணலும்தான். 7 அடி ராடு, 2500 அளவு ரீல், 0.28 மி.மீ. தங்கூஸ் (நைலான் நரம்பு), 15 கிராம் ஈயக்குண்டு. அந்தத் தண்ணீருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. வேலை மாறி வேறு கடற்கரைக்குக் குடிபோனபோது இதே செட்டைத்தான் துணி சுற்றிக் கவனமாக எடுத்துப் போனேன்.

புதிய கரை திறந்த கடலைப் பார்த்தது. பாதி மணல், பாதி பாறை. முதல் நாள் மணல் பக்கம் வீசினேன். ஈயம் தரையைத் தொட்ட கொஞ்ச நேரத்திலேயே அலை அதை உருட்டிக் கரைக்குக் கொண்டு வந்துவிட்டது. பக்கவாட்டில் ஓடும் நீரோட்டம் நரம்பை வில்லாக வளைத்துவிட்டதால் முனையில் என்ன நடக்கிறது என்றே கைக்குத் தெரியவில்லை. மறுநாள் பாறைப் பக்கம் போனேன். ஒரே காலையில், முள்ளும் ஈயமும் கட்டிய முனை ஐந்து முறை அறுந்தது. ஐந்தாவது முறை மீன் இருந்தது. ஈயம் கல் இடுக்கில் மாட்டிக்கொள்ள, மீன் அந்தப் பக்கம் இழுக்க, நான் இந்தப் பக்கம் இழுக்க, நரம்பு போய்விட்டது. வாயில் தூண்டில் முள்ளோடு, கல்லில் கட்டுண்டபடி ஒரு மீனை விட்டு வந்தது இரண்டு நாள் மனதை உறுத்தியது.

பெரிய ராடும் பெரிய ரீலும் வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி ஓடாமல் இருந்தது நல்லதாயிற்று. இரண்டு வாரம் தூண்டிலை எடுக்காமல் கரையை மட்டும் பார்த்தேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். அந்த நேரத்தில் நடந்து போய், எங்கே கல், எங்கே மணல், எங்கே வாய்க்கால் போலப் பள்ளம் என்று போனில் படம் எடுத்து வைத்தேன். தண்ணீர் ஏறிய பிறகு அதே இடத்தில் நின்று பார்த்தால் படிக்கத் தெரிந்துவிடுகிறது: அலை உடைகிற இடம் மேடு, உடையாமல் கருத்துக் கிடக்கிற இடம் பள்ளம். மீன் அந்தப் பள்ளம் வழியாகத்தான் வருகிறது. பள்ளங்களில் இரண்டு, கரையிலிருந்து முப்பது மீட்டருக்குள்ளேயே இருந்தன. நூறு மீட்டர் வீச வேண்டும் என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு தவறு!

அங்கே தினமும் வரும் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். என் செட்டை வாங்கிப் பார்த்தவர், ஈயம் கட்டியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“தம்பி, இங்க கல்லுக்கு எதையாவது குடுத்துத்தான் ஆகணும். ஈயத்தைக் குடுத்துடு. மீனைக் குடுக்காத.”

அவர் காட்டியது சின்ன விஷயம்தான். நரம்பின் கடைசியில் ஈயத்தை நேராகக் கட்டக் கூடாது. முள் கட்டிய நரம்பு 40 பவுண்டு தாங்கும் என்றால், ஈயத்தை மட்டும் 10 பவுண்டு தங்கூஸில் ஒரு சாண் நீளத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கல்லில் சிக்கினால் அந்த மெல்லிய துண்டு மட்டும் அறும். மீனும் முள்ளும் கைக்கு வரும். ஒரு எச்சரிக்கை: இப்படிக் கட்டிய செட்டை முழு வேகத்தில் வீசக் கூடாது. மெல்லிய துண்டு வீச்சிலேயே அறுந்தால் ஈயம் தோட்டா மாதிரிப் பறக்கும். பின்னால் யாரும் இல்லை என்று பார்த்து, மெதுவாகத் தூக்கிப் போட வேண்டும். பாறைப் பக்கம் தூரம் தேவையில்லை என்பதால் அது போதும். தினமும் ஈயத்தைக் கடலில் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஈயம் நஞ்சு. அதனால் பாறைக்கு இப்போது பழைய இரும்பு நட்டுகளைக் கட்டுகிறேன்.

அதன் பிறகு எல்லாவற்றையும் முள் முனையிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக மாற்றினேன். மணல் பக்கத்துக்கு உருண்டைக் குண்டு உதவாது. நான்கு கம்பிகள் விரிந்த ஈயம் மணலைக் கவ்விக்கொண்டு நிற்கும். பலமாக இழுத்தால் கம்பி மடங்கி விடுபடும். அலை பெரிதாக இருக்கும் நாளில் 110 கிராம் வரை போடுகிறேன். அந்த எடையை என் பழைய ராடு தாங்காது. ராடின் அடிப்பகுதியில் எத்தனை கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருப்பதை மதிக்க வேண்டும். ஆகவே 12 அடி ராடு ஒன்று வாங்கினேன். நீளம் வீச்சுக்கு மட்டுமல்ல. நரம்பை உடையும் அலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கவும் அதுதான் உதவுகிறது.

நரம்பு விஷயத்தில்தான் அதிகம் தடுமாறினேன். பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு மெல்லியது, பலமானது, இழுபடாது. தொலைவில் மீன் தொட்டாலும் கையில் தெரியும். ஆனால் இழுவிசையில் எவ்வளவு பலமோ, உரசலில் அவ்வளவு பலவீனம். சிப்பி ஒட்டிய கல்லில் ஒரு முறை உரசினாலே நூல் பிரிந்துவிடும். எனவே முன்பக்கம் தடித்த தங்கூஸை லீடராகக் கட்ட வேண்டும். 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்கும் லீடர் என்பது தூண்டில்காரர்களின் கணக்கு. 110 கிராமுக்கு 40 பவுண்டு. வீசும்போது ரீலில் நாலைந்து சுற்று லீடர் இருக்கும் அளவுக்கு நீளம் வேண்டும். பிரெய்டையும் தங்கூஸையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு. மூன்று மாலை உட்கார்ந்து பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு கட்ட வரும்வரை கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். காற்றில், ஈரக் கையோடு, அது வேறு வேலை.

மீன் இழுக்கும்போது ரீல் எவ்வளவு இறுக்கமாக நரம்பை விட வேண்டும் என்று அமைப்பதுதான் டிராக். அதை வைக்கும் பழக்கமும் மாறியது. வளைகுடாவில் மீனை ஓடவிட்டுக் களைக்க வைப்பேன். இங்கே கலவா போன்ற மீனுக்கு ஓட இடம் கொடுத்தால் நேரே பொந்துக்குள் போய்விடும். பாறைக்குப் போகும்போது நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு டிராக்கை இறுக்கி வைக்கிறேன். மணலுக்கு வந்தால் தளர்த்திவிடுவேன். இரைக்கு வட்ட முள். அதில் மீன் கடித்ததும் வெட்டி இழுக்கக் கூடாது, நரம்பு இறுகினாலே தானாக வாயோரம் மாட்டும். அலை இரையைப் பிய்க்காமல் இருக்க மெல்லிய ரப்பர் நூலால் சுற்றிக் கட்டுகிறேன்.

ரீலைக் கடைசியில்தான் மாற்றினேன். அதுவும் அளவுக்காக அல்ல, உப்புக்காக. அலைத் தூவல் பட்டுப் பட்டுப் பழைய ரீலில் நரம்பு ஓடும் சின்ன உருளை இரண்டு மாதத்தில் இறுகிவிட்டது. புதிய 6000 அளவு ரீலை வீடு வந்ததும் டிராக்கை முழுக்க இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுகிறேன். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவைத்து, உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

காலுக்கு முள் பதித்த ஷூ, உடலுக்கு மிதவைச் சட்டை. இவற்றையும் தூண்டில் சாமான் கணக்கில்தான் வைக்கிறேன். பாறையில் இறங்கும் முன் இருபது நிமிடம் கடலைப் பார்த்து நிற்பேன். அலை கூட்டம் கூட்டமாக வரும். நாம் பார்க்கிற முதல் ஐந்து நிமிடம் அமைதியான இடைவெளியாகக்கூட இருக்கலாம்.

நான்காம் மாதம் ஒரு விடியலில் முதல் கலவா வந்தது. பாதி வழியில் ஏதோ அறுந்தது கையில் தெரிந்தது, ஒரு நொடி நெஞ்சு நின்றது. ஆனாலும் கனம் குறையவில்லை. கரையேற்றிப் பார்த்தபோது முள் வாயோரத்தில் இருந்தது, எடை கட்டிய சாண் நீளத் துண்டு மட்டும் இல்லை. பெரியவர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, அறுந்த நுனியைத்தான் முதலில் பார்த்தார்.