முப்பத்து மூன்று அடிக்கு ஒரு கிலோ

ஜனவரி 6, 2025, திங்கள்

அந்தமானிலிருந்து என் சின்ன மகள், சின்னவள், படிவம் அனுப்பியிருக்கிறாள். கடலுக்குள் இறங்குகிறவர்கள் நிரப்ப வேண்டியதாம். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, நெஞ்சுவலி உண்டா என்று கல்யாணத் தரகர் கூடக் கேட்காத கேள்விகள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக்கொண்டே வந்தேன். காது பற்றிய கேள்வியில் பேனா நின்றது. 'உண்டு' என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும். 'இல்லை' என்றே போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். இரவு வந்து அதை அடித்துத் திருத்தினேன். ஆழத்தைத் தப்பாகச் சொல்லி மோட்டார் இறக்கச் சொல்லும் ஆட்களை நான் எப்படித் திட்டுவேன் என்பது எனக்கே தெரியும்.

ஜனவரி 8, புதன்

கயிறு இல்லையாம்.

இரண்டு நாளாக மண்டையில் இதுவே ஓடுகிறது. இடுப்பில் கயிறு கட்டாமல், மேலே ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் அறுபது அடி ஆழத்துக்குப் போகிறார்கள். முதுகில் ஒரு சிலிண்டர், வாயில் ஒரு குழாய், அவ்வளவுதான். அணைக்கட்டுப் பக்கம் பழைய கிணறுகளில் ஃபுட் வால்வு மாற்ற இறங்குவோம். இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்போம். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கிக் காற்றைக் கலைத்துவிட்டு மறுபடி விளக்கு. பிறகுதான் ஆள். ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு இழுப்பு என்றால் தூக்கு. மேலே நிற்கிறவன் பீடி கூடப் பற்ற வைக்க மாட்டான். முப்பது வருடத்தில் ஒரு ஆளை நான் இழந்ததில்லை. கயிறுதான் காரணம்.

போனில் இதைச் சொன்னேன். "கூடவே ஒருவர் வருவார் அப்பா, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்" என்றாள். பார்த்துக்கொள்வது வேறு, பிடித்துக்கொள்வது வேறு. அதைச் சொல்லவில்லை. பேச்சை மாற்ற, முப்பத்து மூன்று அடித் தண்ணீருக்கு ஒரு கிலோ பிரஷர், எங்கள் தொழிலின் பாலபாடம் அது என்றேன். "பத்து மீட்டருக்கு ஒரு பார், இங்கேயும் அதே கணக்குதான்" என்றாள். பதினான்கு மாதத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம்.

ஜனவரி 13, போகி

கிணற்றுக் கயிற்றை எரிக்க எடுத்து வைத்திருந்தாள் இவள், என் வீட்டுக்காரி. நான் திரும்ப எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். சண்டை.

ஜனவரி 14, பொங்கல்

மாலை ஐந்தரைக்கு அழைத்தாள். இங்கே வேலூர் சத்துவாச்சாரியில் வெயில் இன்னும் எதிர்வீட்டுச் சுவரில் இருக்கிறது, அங்கே இருட்டிவிட்டதாம். ஒரே நாடு, ஒரே கடிகாரம், ஆனால் அந்தமான் அவ்வளவு கிழக்கே இருப்பதால் சூரியன் அங்கே நமக்கு முன்னால், ஏறத்தாழ 54 நிமிடம் முன்னதாக எழுந்து, முன்னதாகவே படுத்துவிடுகிறது. இவளுக்கு அது பொறுக்கவில்லை. "பண்டிகை நாளும் அதுவுமாக இருட்டில் உட்கார்ந்திருக்கிறாளே" என்று சர்க்கரைப் பொங்கலைத் தொடவே இல்லை. அங்கே விளக்கு இருக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

ஆஸ்பத்திரி. டோக்கன் 64. காலை ஏழு மணிக்கே போயும் அறுபத்து நான்கு. பாதிப் பேர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். வேலூரில் வங்காளி பேசும் மருந்துக்கடைகள் பெருகியது சும்மா இல்லை.

டாக்டர் இளம் பெண். காதுக்குள் விளக்கைப் போட்டு வெகுநேரம் பார்த்தாள். "எப்போதாவது அடிபட்டதா ஐயா?"

"பன்னிரண்டு வயதில் கிணற்றில் குதித்தேன். பக்கவாட்டில் விழுந்துவிட்டேன்."

எழுதிக்கொண்டாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கேட்காதபோதும் இரண்டு தடவை அமுக்கினேன்.

ஜனவரி 21, செவ்வாய்

கிணறு இல்லை. குதித்ததற்காக அப்பா.

ஜனவரி 27, திங்கள்

இடது காதுச் சவ்வில் ஓட்டை. மிளகில் பாதி அளவு இருக்குமாம். காய்ந்த ஓட்டை, சீழ் இல்லை, விமானத்தில் தாராளமாகப் போகலாம். சொல்லப்போனால் சவ்வு முழுசாக இருக்கிறவர்களுக்குத்தான் விமானம் இறங்கும்போது காது அடைக்கும், எனக்கு ஓட்டை வழியாகக் காற்று தானே சமப்பட்டுவிடும். ஆனால் கடலுக்குள் இறங்கக் கூடாது. அந்த ஓட்டை வழியாகக் குளிர்ந்த தண்ணீர் உள்காதுப் பக்கம் பட்டால் தலை சுற்றும், மேல் எது கீழ் எது என்று தெரியாது. தரையில் தலைசுற்றினால் உட்காரலாம். தண்ணீருக்குள் எங்கே உட்காருவது? தொற்றும் வரும்.

"அடைக்க முடியாதா?" என்றேன்.

"முடியும். காதுக்கு மேலேயிருந்து மெல்லிய சவ்வு எடுத்து ஒட்டுவோம்."

"பஞ்சர் ஒட்டுகிற மாதிரியா?"

சிரித்தாள். "கிட்டத்தட்ட. ஆனால் பஞ்சர் ஒட்டிய கையோடு வண்டியை ஓட்ட முடியாது. ஆறப் பல மாதம் ஆகும்."

டிக்கெட் பிப்ரவரி 18. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். மாத்திரை கூட எழுதித் தரவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

கடைக்குப் போகப் பிடிக்கவில்லை. கோட்டை அகழியைச் சுற்றி நடந்தேன். இந்த அகழியில் ஒரு காலத்தில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்று பாட்டி சொல்வாள். அந்தமானில் இப்போதும் முதலைகள் இருக்கின்றன, உப்புத்தண்ணீர் முதலை, அலையாத்திக் காட்டுக் கழிமுகங்களில். சின்னவளிடம் கேட்டதற்கு, "நாங்கள் இறங்குவது பவளப் பாறையில் அப்பா, அது வேறு பக்கம்" என்றாள். கடலில் வேறு பக்கம் என்றால் என்ன, நடுவில் சுவரா கட்டியிருக்கிறார்கள்?

வேலூரைப் பற்றி ஒரு கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பினார், ஆகவே ஒரு குறை தீர்ந்தது. பெயரிலேயே ஜலம் வைத்துக்கொண்டிருப்பவரிடம் போய் என் காதைச் சொன்னேன். பூக்காரம்மா, "காது வலிக்கு இங்கே வேண்டுதல் கிடையாதே" என்றாள். உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கேட்காத ஆள் அப்படித்தான்.

பிப்ரவரி 3, திங்கள்

ஒரு வாரம் தள்ளிப்போட்டு இன்று சொன்னேன். சற்று நேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்ததா என்று போனைப் பார்த்தேன். பிறகு, "பரவாயில்லை, வாருங்கள். படகில் உட்காரலாம்" என்றாள்.

வைக்கும் முன் கேட்டேன்: "உன் காது இரண்டும் சரியாகத்தானே இருக்கிறது?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை.

"சரியாகத்தான் இருக்கிறது அப்பா. எனக்கும் டாக்டர் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்."

பிப்ரவரி 4, செவ்வாய்

தூக்கம் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீடியோ அனுப்பினாள். கிளிமீன் பவளப் பாறையைக் கடிக்கிறது, கறுக் கறுக் என்று சத்தம் கேட்கிறது. எலும்புத் துண்டைக் கடிக்கிற நாய் மாதிரி. பாறையை அரைத்து, வேண்டியதைத் தின்றுவிட்டு, மீதியை மணலாகப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறது. ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொள்ளும் வெள்ளை மணலில் பெரும்பங்கு இப்படி வந்ததாம். இவள் உற்றுப் பார்த்துவிட்டு, "குழம்புக்கா வறுவலுக்கா?" என்று கேட்டாள்.

அவள் இருக்கும் ஹேவ்லாக் தீவில் ராஜன் என்று ஒரு யானை இருந்ததாம். மரம் இழுக்கக் கொண்டுவந்த யானை. தீவுக்குத் தீவு நீந்தப் பழக்கியிருந்தார்கள். மரம் வெட்டுவது நின்ற பிறகும் அது கடலில் நீந்திக்கொண்டிருந்தது, வெளிநாட்டார் வந்து கூடவே நீந்திப் படமெடுத்தார்கள். 2016இல் செத்துப்போனது. வேலை போன பிறகும் அதே வேலையைச் செய்துகொண்டிருந்த கிழவன். எனக்கு அதைப் பார்த்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஒன்று கேட்டு இவள் அழுதுவிட்டாள். ஆழத்துக்குப் போய் வந்தவர்கள் உடனே விமானம் ஏறக் கூடாதாம், ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி கொப்புளித்துவிடும். "அப்படியானால் எனக்கு ஒன்று ஆனால் கூட அவளால் உடனே கிளம்ப முடியாது" என்கிறாள். என்ன பதில் சொல்வது? பதினான்கு மாதம் நான்தான் அவளை வரவேண்டாம் என்று வைத்திருந்தேன்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

போர்ட் பிளேரில் முருகன் கோயில் இருக்கிறது, வெற்றிமலை முருகன். இவள் மஞ்சள் துணியில் காசு முடிந்து கொடுத்திருக்கிறாள். ஊர்ப் பெயர் இப்போது ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் சுவராஜ் தீவு ஆகி ஆறு வருடம் ஆகிறது, டிக்கெட்டில் அப்படித்தான் இருக்கிறது. சின்னவள் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறாள்.

பிப்ரவரி 17, திங்கள்

முள்ளுக் கத்திரிக்காய் இரண்டு கிலோ, மக்கன் பேடா ஒரு பெட்டி, மிளகாய்த்தூள், மல்லித்தூள். என் துணி இரண்டு செட். கயிற்றையும் எடுத்து வைத்துப் பிறகு வெளியே எடுத்துவிட்டேன். அதை வைத்து அங்கே என்ன செய்வேன்?

பிப்ரவரி 18, செவ்வாய்

விமானம் இறங்கும்போது பக்கத்துக் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு வீரிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னது சரி. காசை உண்டியலில் போட்டேன். கோயில் வாசலில் எல்லாம் தமிழ்.

பிப்ரவரி 19, புதன்

ஹேவ்லாக் படகுத்துறையில் நின்றிருந்தாள். கறுத்துவிட்டாள், தலைமுடி உப்பில் செம்பட்டையாகிவிட்டது, தோள் அகன்றுவிட்டது. பையை வாங்கிக்கொண்டாள். "கத்திரிக்காயா?" என்றாள். "ஆமாம்" என்றேன்.

பிப்ரவரி 20, வியாழன்

சிலிண்டர் கொட்டகையில் நாள் முழுக்க இருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை.

கம்ப்ரசர் என் கடையில் இருக்கிற மாதிரிதான், ஆனால் வேலை வேறு. லாரி டயருக்கு நூற்றுச் சொச்சம் பவுண்டு அடிப்போம். இங்கே சிலிண்டருக்கு 200 பார், அதாவது 2,900 பவுண்டு. நிரம்ப நிரம்பச் சிலிண்டர் சூடாகிறது, கை வைத்துப் பார்த்தேன். முதல் வேலையாகக் காற்று இழுக்கும் குழாய் எங்கே போகிறது என்று தேடினேன். கூரைக்கு மேலே உயரத்தில், டீசல் எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம். புகையை இழுத்துவிட்டால் அந்தக் காற்றுத்தான் கீழே இருப்பவர் நெஞ்சுக்குள் போகும். எங்கள் கிணற்றுக்கு விளக்கு, இவர்களுக்கு இது. குழாயைப் பார்த்த பிறகுதான் டீ குடித்தேன்.

ஒரு சிலிண்டரின் வாயில் உஸ் என்ற சத்தம். வலது காதைக் கிட்டே கொண்டுபோனேன். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தில் மயிரிழை வெட்டு. என் பையில் எப்போதும் ஓ-ரிங் டப்பா ஒன்று இருக்கும், ஊரை விட்டு ஊர் போனாலும். கொட்டிப் பார்த்தேன், அந்த அளவு இல்லை. அங்கிருந்த பையன் அவர்களுடையதில் ஒன்றை எடுத்துத் தந்தான். நான் போட்டேன். சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், குமிழ் இல்லை. திரும்பினால் சின்னவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

கரையில் ஒரு பவளத் துண்டு கிடந்தது, இவளுக்காக எடுத்தேன். "கீழே போடுங்கள் அப்பா, எடுத்துப்போவது குற்றம், விமான நிலையத்தில் பிடிப்பார்கள்." போட்டேன்.

பிப்ரவரி 22, சனி

படகு. படகுக்காரர் வங்காளத்துக் குடும்பம், இந்தத் தீவில் குடியேறியவர்களில் பலர் அப்படி. எனக்கு வங்காளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. வேலூர் என்றதும் மட்டும் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். ஆபரேஷன் செய்துகொண்டவர் போல.

சின்னவள் இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கோத்துக் கட்டிக்கொண்டாள். மிதக்கிற உடம்பை அமிழ்த்த எடை. முகமூடிக்குள் எச்சில் துப்பித் துடைத்தாள். கூட இரண்டு பேர், புனேயிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி. பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். விழுந்தாள் என்றுதான் எழுத வருகிறது. மேலே வந்து, உச்சந்தலையில் கை வைத்துக் காட்டினாள். நலம் என்று அர்த்தமாம். பிறகு இல்லை.

குமிழ்கள் மட்டும். மூன்று இடத்தில் கொப்புளித்துக்கொண்டு நகர்ந்தன. எது அவளுடையது என்று முதல் பத்து நிமிடம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. முன்னால் போவது, நிதானமாக, நீண்ட இடைவெளி விட்டு வருவது. மற்ற இரண்டும் பதறிப் பதறி வந்தன. படகுக்காரர் பிஸ்கட் நீட்டினார், வேண்டாம் என்றேன். நாற்பது நிமிடம் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அப்போது கடலுக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீளப் பை குத்திட்டு மேலே வந்து நின்றது. எழுந்துவிட்டேன். படகுக்காரர் உட்காரச் சொல்லிச் சைகை செய்தார், கையால் கீழே காட்டினார், மூன்று விரல் காட்டினார். மேலே வரும் முன் பதினாறு அடியில் மூன்று நிமிடம் நிற்பார்கள் என்று சின்னவள் சொல்லியிருந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கீழிருந்து அவள்தான் காற்று ஊதி அனுப்பியிருக்கிறாள். படகு மெல்ல அந்தப் பையின் பக்கம் போனது. பையின் அடியிலிருந்து வெள்ளைக் கயிறு ஒன்று நேராகத் தண்ணீருக்குள் போயிற்று. விறைப்பாக. மறுமுனையில் எடை இருக்கிற கயிறு எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

கை நீட்டினேன். படகுக்காரர் தலையை ஆட்டினார், இழுக்கக் கூடாது. இழுக்கவில்லை. இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

குடியாத்தத்திலிருந்து போன். மோட்டார் ஓடுகிறதாம், தண்ணீர் ஏறவில்லையாம். புதன்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன். பிறகு நானே கூப்பிட்டு, அடுத்த வாரம் என்று மாற்றிச் சொன்னேன்.