ஏர்வாடிச் சங்கிலியும் 25ஆம் பிரிவும்

உச்சிப்புளிப் பக்கம் கடல்தொழில் செய்யும் இந்துக் குடும்பம் எங்களுடையது. ஆயினும் மனநோயைத் தீர்ப்பவர் என்று நம்பப்படும் ஏர்வாடி தர்காவின் பாதுஷா நாயகத்துக்கு நேர்ந்துகொள்ளாத ஆண்டு என்று ஒன்று எங்கள் அப்பத்தாவின் வாழ்நாளில் இருந்ததில்லை. சித்திக்கு மனநிலை பிறழ்ந்தபோது மருத்துவரைத் தேடுவதற்கு முன்பே அவரைத் தர்காவுக்கு அழைத்துச் சென்றதில் அதனால் யாருக்கும் வியப்பில்லை. நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தர்கா விளக்கின் எண்ணெயும் ஓதிக் கொடுத்த தண்ணீரும் எனக்கு அச்சம் தரவில்லை. அச்சம் தந்தது, தர்காவுக்கு வெளியே தனியார் ஒருவர் நடத்திய காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் சித்தியின் காலில் கிடந்த சங்கிலி. "கனவுல உத்தரவு வர்ற வரைக்கும் இருக்கட்டும்" என்றார் அப்பத்தா. குணமானவரை வீட்டுக்குப் போகச் சொல்லி நாயகம் கனவில் உத்தரவிடுவார் என்பது நம்பிக்கை. சில மாதங்களில் சித்தியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். உத்தரவு வந்ததனாலும் அன்று, இரக்கத்தாலும் அன்று. காப்பகத்துக்குக் கட்டப் பணமில்லை, அவ்வளவுதான்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியின் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். சித்தி இருந்த இடம் அதுவன்று என்றாலும், அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அடுத்த சில நாட்களில் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. உரிமம் பெறாமல் மனநலக் காப்பகம் நடத்தக் கூடாது என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த வழக்கில் 2002 பிப்ரவரியில் பிறந்த ஆணையைச் சட்டம் படித்த நாட்களில் பலமுறை வாசித்திருக்கிறேன். மக்களிடையே விழிப்புணர்வை உண்டாக்குமாறு மத்திய, மாநில அரசுகளைப் பணித்த நீதிமன்றம், மனநலம் குன்றியோரைச் சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்பதோடு, அவர்களை மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும், கோயில், தர்கா போன்ற வழிபாட்டு இடங்களுக்கு அன்று என்றும் எடுத்துச் சொல்லச் சொன்னது. முதற்பாதியில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இரண்டாம் பாதிதான் உறுத்துகிறது. சங்கிலியைத் தடுப்பதற்கும் வழிபாட்டைத் தவிர்க்கச் சொல்வதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. அது குணசீலம் பெருமாளை நம்பிச் செல்வோருக்கும் ஏர்வாடிக்கு வருவோருக்கும் ஒன்றுபோலவே பொருந்தும்.

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தையும் ஒரு மதத்தைப் பின்பற்றும் உரிமையையும் தருகிறது. அந்த உரிமை பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கு மட்டுமன்றி, அடிப்படை உரிமைகள் பகுதியின் பிற விதிகளுக்கும் கட்டுப்பட்டது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அந்தப் பிற விதிகளில் ஒன்றுதான் உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவு. ஆகவே மத நம்பிக்கையைக் காட்டி ஒருவரைக் கட்டிப்போட இயலாது என்ற முடிவுக்கு வருவது எளிது. என்னை நிறுத்தியது வேறொரு சொல். அந்தச் சுதந்திரம் 'எல்லா நபர்களுக்கும்' சமமாக உரியது என்கிறது 25ஆம் பிரிவு. குடும்பத்துக்கு என்றோ, மூத்தோருக்கு என்றோ அதில் இல்லை. அப்பத்தாவின் நம்பிக்கைக்கு எங்கள் வீட்டில் முழு மதிப்பு இருந்தது. சங்கிலியில் கிடந்த சித்திக்கும் ஒரு மனச்சான்று இருந்தது என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அவர் தர்காவில் இருக்க விரும்புகிறாரா என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கேள்வியைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று அதன் 95ஆம் பிரிவு தடுக்கிறது; 5ஆம் பிரிவோ, நோயுற்றால் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க இடமளிக்கிறது. அப்படி எழுதி வைத்தவர் எங்கள் ஊரில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை என்பது தனிக்கதை.

அரசும் பின்னாளில் தன் நிலையை நெகிழ்த்திக்கொண்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ், மருந்தும் பிரார்த்தனையும் எனப் பொருள்படும் 'தவா துவா' என்ற பெயரில், ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவரைக் கொண்டுவந்தார்கள். தர்காவுக்குப் போகாதே என்று சொல்வதை விட, போகிறவரிடம் மருத்துவர் வருவது 25ஆம் பிரிவுக்கு நெருக்கமானது என்றே கருதுகிறேன்.

சித்தி இப்போது அங்கேதான் மாத்திரை வாங்குகிறார். சென்ற மாதம் உடன் போயிருந்தேன். சீட்டைப் பையில் வைத்துக்கொண்ட பின் தர்கா வாசலில் நின்று, "நீ இங்கனயே நில்லு, நான் மட்டும் உள்ள போய்ட்டு வர்றேன்" என்றார். நின்றேன்.