கோகோவின் கஞ்சியும் கூவாடியாவின் கணக்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகள் பிரிவில் செவிலியாக இருந்த ஆண்டுகளில், எச்.ஐ.வி. உள்ள தாயிடம் பால் கொடுக்கச் சொல்வதா, நிறுத்தச் சொல்வதா என்பதைப் போல எங்களைத் திணறடித்த கேள்வி வேறில்லை. கொடுத்தால் பால் வழியே கிருமி குழந்தைக்குப் போகும். நிறுத்தினால், குழாய்த் தண்ணீர் இல்லாத தகரக் கொட்டகையில் பாரஃபின் அடுப்பில் பால் புட்டியைக் கொதிக்க வைக்க முடியாமல், குழந்தை வயிற்றுப்போக்கோடு எங்களிடமே திரும்பி வரும்.

அந்தத் திணறலுக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் 2023 அக்டோபரில் மறைந்த குழந்தை மருத்துவர் ஹூசன் கூவாடியா. டர்பனிலேயே பிறந்து, பம்பாயில் மருத்துவம் படித்துத் திரும்பியவர். ஊருக்கு அவர் ஜெர்ரிதான். தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தால் நோயின் கடுமை தணியும் என்று அவரும் சக ஆய்வாளர் அன்னா கூட்சூடிஸும் 1991இல் காட்டியிருந்தனர். (அம்மை என்றாலே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற நேர்ந்துகொள்ளும் குடும்பம் எங்களுடையது, ஆத்தா கோபிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.) அதே வைட்டமினை எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது தொற்று குறையவில்லை. ஆனால் அந்த ஆய்வில், எந்தக் குழந்தைக்கு எதைப் புகட்டினார்கள் என்பதையும் குறித்து வைத்திருந்தார்கள். 1999இல் வெளியான கணக்கின்படி, மூன்று மாத வயதில், தாய்ப்பாலோடு வேறெதுவும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளில் 24 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களில் அது 15 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. கைவிட்டுப் போன ஆய்வின் ஓரத்தில் கிடந்த இந்த விவரத்தை அவர்கள் தள்ளிவிடாததையே நான் பெரிதாக மதிக்கிறேன். 2007இல் வந்த அடுத்த ஆய்வு, தாய்ப்பாலோடு கஞ்சி போன்ற திட உணவும் பெற்ற குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்களோடு ஒப்பிட்டால், தொற்று ஆபத்து ஏறக்குறைய 11 மடங்கு என்றது.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. வெயில் நாளில் இரண்டு கரண்டித் தண்ணீர் கொடுத்தால் குற்றமில்லை என்று எத்தனையோ தாய்மாரிடம் நானே சொல்லியிருக்கிறேன். பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது உணவாகவே தோன்றவில்லை.

பிறகு ஒரு நாள், பேரனைத் தூக்கி வந்த சூலு இனப் பாட்டி ஒருவர், கோகோ என்றுதான் அழைப்போம், பையிலிருந்து மூடி போட்ட கிண்ணத்தில் நீர்த்த சோளக்கஞ்சியை எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாயின் பால் தவிர ஒரு சொட்டும் வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை சூலுவில் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியானால் இதை நான் குடிக்கிறேன், சிஸ்டர்," என்று கிண்ணத்தை வாயில் வைத்துக்கொண்டார்.