பனிக்கட்டியின் வழியில் காத்திருந்தவர்கள்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில், வடமேற்குக் கரையோரம், போர்ட் ஓ ஷ்வா என்றொரு மீன்பிடி ஊர் இருக்கிறது. அதனருகே கடலைப் பார்த்தபடி கிடக்கும் ஃபிலிப்ஸ் கார்டன் என்ற புல்வெளியைப் பற்றி ஓராண்டாகக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அந்தப் புல்லுக்கடியில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் குடியேறிப் பல நூற்றாண்டுகள் அங்கு வந்து தங்கிய, டோர்செட் எனப்படும் பண்டைய ஆர்க்டிக் வேட்டை மக்களின் வீட்டுத் தடங்கள் ஐம்பதுக்கும் மேல் உள்ளன. சுண்ணாம்புப் பாறை நிலம் என்பதால் எலும்புகள் மட்கிப் போகாமல் நிலைத்துவிட்டன. அவற்றில் மிகப் பெரும்பகுதி ஒரே விலங்கினுடையவை: ஹார்ப் சீல் எனப்படும் கடல்நாய்.

வளர்ந்த ஹார்ப் சீலின் முதுகில் யாழ் வடிவில் கரும்பட்டை ஒன்று காணப்படும். பெயருக்கு அதுவே காரணம். ஆர்க்டிக் பகுதியிலிருந்து குளிர்காலத் தொடக்கத்தில் தெற்கே இறங்கும் இவ்விலங்குகளில் ஒரு பகுதி, பெல் ஐல் நீரிணை வழியாகச் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குள் நுழைந்து, பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் மிதக்கும் பனிக்கட்டிகளின்மேல் குட்டி ஈனும். பிறக்கும்போது சுமார் 11 கிலோ எடையுள்ள குட்டி, கொழுப்பு மிகுந்த தாய்ப்பாலைப் பன்னிரண்டே நாட்கள் குடித்து மும்மடங்கு பெருத்துவிடும். அதன்பின் தாய் அதை விட்டுப் போய்விடும். போர்ட் ஓ ஷ்வா இந்தப் பயணத்தின் வழியில் கடலுக்குள் நீண்டு நிற்கும் முனை. காற்றும் நீரோட்டமும் பனியைக் கரைக்கு நெருக்கமாகக் கொண்டுவரும் அந்தச் சில வாரங்களை அறிந்து, அதற்குமுன் அங்கு வந்து சேர்ந்திருப்பதுதான் வேட்டையின் முதற்பாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுபாதி கருவியில் இருந்தது. சங்கப் பாடல்களில் பரதவர் சுறாவை எறியும் கருவிக்கு வழங்கும் 'எறியுளி' என்ற சொல்லையே இங்கும் ஆளுகிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. டோர்செட் எறியுளியின் தலை எலும்பாலோ கொம்பாலோ தந்தத்தாலோ ஆனது; நுனியில் மெல்லிய கல் அலகு பொருத்தப்பட்டிருக்கும். குத்தியவுடன் தலை கழியிலிருந்து கழன்றுவிடும். கயிறு தலையின் நடுவில் கட்டப்பட்டிருப்பதால், விலங்கு இழுக்க இழுக்க, தலை தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் குறுக்காகத் திரும்பிச் சட்டைப் பொத்தான்போல் மாட்டிக்கொள்ளும். முள் வைத்த ஈட்டி பிய்த்துக்கொண்டு வரலாம், இது வராது. வில் அம்பு பயன்படுத்தியதற்குச் சான்று கிடைக்காத ஒரு மக்கள், நூறு கிலோவைத் தாண்டும் விலங்கை வழுக்கும் பனிமீது நின்று பிடித்து நிறுத்தினார்கள் என்றால், அதற்கு இந்தச் சிறு திருப்பமே துணை.

ஆனால் இது அவர்கள் கண்டுபிடித்ததன்று. நீரிணைக்கு அப்பால், லாப்ரடார் கரையிலுள்ள லான்ஸ் அமூரில் சுமார் 7500 ஆண்டுப் பழமையான ஒரு கல்லறை உண்டு. பன்னிரண்டு வயதளவான ஒரு பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, முதுகின்மேல் பாறைப் பலகை ஒன்றை வைத்து, மேலே கற்களைக் குவித்திருக்கிறார்கள். உடன் வைத்த பொருள்களில் வால்ரஸ் தந்தமும், எலும்புக் குழலும், இவ்வகை எறியுளித் தலையும் இருந்தன. அறியப்பட்டவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது. கருவியைவிட அந்தப் பிள்ளையையே என் மனம் சுற்றி வருகிறது. அத்தனை கல் சுமந்து மூடியவர்களின் துக்கம் எத்தகையதாக இருந்திருக்கும்!

வேட்டைக்குப் பிந்தைய உழைப்பும் சிறிதன்று. இறைச்சி உணவாயிற்று, கொழுப்பு மாக்கல் விளக்குகளில் எரிந்தது, தோல் உடையாயிற்று. அருகிலுள்ள ஒரு குளத்தின் அடிச்சேற்றை ஆராய்ந்தவர்கள், தோல்களை ஊறவைத்ததால் அந்த நீரின் தன்மையே மாறியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். எத்தனை தோல்கள், எத்தனை கைகள் என்பதை அந்தச் சேற்றிலிருந்தே ஊகிக்கலாம்.

சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன் ஃபிலிப்ஸ் கார்டன் கைவிடப்பட்டது. தட்பவெப்பம் சற்று வெதுவெதுப்பாகி, பனிக்கட்டி முன்போல் தவறாமல் வராமற்போனதே காரணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஒற்றை விலங்கை இவ்வளவு நம்பியவர்களுக்கு, பனி வராத ஓரிரு குளிர்காலமே போதுமானதாக இருந்திருக்கும். 2010ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அதே வளைகுடாவில் பனி மிகமிகக் குறைவாகவே உருவாயிற்று. பிறந்த குட்டிகள் கிடக்க இடமின்றி ஏராளமாக மாண்டன.