சிறகு சொன்ன சேதி

நேற்று இரவு விளக்கைச் சுற்றி ஒரே பூச்சிக் கூட்டம். காலையில் பார்த்தால் ஜன்னல் விளிம்பு முழுக்க உதிர்ந்த இறக்கைகள். "றெக்கை முளைச்ச எறும்புதானே, விடு" என்றார்கள் வீட்டில். எனக்கு மனசு கேட்கவில்லை. இது எறும்பா, இல்லை சிறகு முளைத்த கரையானான ஈசலா என்று பார்க்கப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டேன்.

எறும்புக்கு நூல் போல ஒட்டிய இடுப்பு. கரையானுக்கு இடுப்பே கிடையாது, மார்பும் வயிறும் ஒரே தடிமனில் சேர்ந்திருக்கும். எறும்பின் உணர்கொம்பு முழங்கை மடக்கியது போல வளைந்திருக்கும். கரையானுடையது மணி கோத்தது போல நேராக. ஆனால் செத்து நசுங்கிய பூச்சியில் இதையெல்லாம் எங்கே தேடுவது? அங்கேதான் இறக்கை கை கொடுக்கிறது. எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. ஈசலுக்கு நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு, உடம்பைவிட நீளம். இறக்கையோடு கிடந்த இரண்டை எடுத்துப் பார்த்தேன். ஈசலேதான்!

ஈசல் என்பது சிறகு முளைத்த கரையான்தான் என்பது பலருக்குத் தெரியாது. கரையானை வெள்ளை எறும்பு என்பதும் தப்பு. அது கரப்பான்பூச்சிக்குப் பங்காளி. எறும்போ குளவிக்குச் சொந்தம்.

அப்புறம் கதவு நிலையோரம் டார்ச் அடித்தேன். பென்சில் தடிமனில் ஒரு மண் குழாய் மேலே ஏறியிருந்தது. லேசாக உடைத்தால் உள்ளே வெளிறிய உடம்புகள் ஓடுகின்றன. மரத்தைத் தட்டினால் உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம்.

நாளை மருந்தடிக்க ஆள் வருகிறார். புத்தக அலமாரிப் பக்கம் இன்னும் போகவில்லை, பயமாக இருக்கிறது.